நியூஸ் ரீலில் ஒரு படகு

என் கணவர் ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்தார். பட்டாளத்துக்காரர் என்றால் எப்போதும் துப்பாக்கியும் கையுமாக இருப்பார் என்றுதான் எங்கள் தெருவில் எல்லாரும் நினைத்தார்கள். அவர் கையில் அதிகம் இருந்தது கயிறும் பலகையும் சம்மட்டியும்தான். வழியில் ஆறு குறுக்கிட்டால் அவர்கள்தான் முதலில் போய், மற்றவர்கள் அக்கரை சேர வழி செய்ய வேண்டும். முதலில் போவது என்றால் என்ன என்று கல்யாணமாகி வெகுநாள் வரைக்கும் நான் யோசித்ததே இல்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டபோது அவர் கிழக்கே வங்காள எல்லையில் இருந்தார். நான் சின்ன காஞ்சிபுரத்தில் மாமியாரோடு இருந்தேன். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சர் வேலை. மாமியாருக்கு ஐயம்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். நிலத்தைப் பெரிய மகனிடம் விட்டுவிட்டு, நான் தனியாக இருக்கக் கூடாது என்று டவுனுக்கு வந்துவிட்டார். டவுன் அவருக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் உப்பு, கீரையில் மண், பால் தண்ணீர் என்று தினம் ஒரு குறை சொல்லிக்கொண்டு, ஒரு நாளும் ஊருக்குத் திரும்பாமல் இருந்தார்.

சண்டை சீக்கிரமே முடிந்தது. எதிர்ப் படை டாக்காவில் சரணடைந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்று தெருமுனையில் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்து, "இனிமே உனுக்கு இன்னாம்மா கவலை?" என்றார்கள். நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. வருஷம் பிறந்தது, பொங்கல் வந்தது, அப்போதும் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே என் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டார். தந்தி வராதவரை நல்லதுதான் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சொன்னாள். அதற்குப் பிறகு தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே தந்தியோ என்று வாசலுக்கு ஓடுவேன்.

பொங்கல் கழிந்து சில நாளில் பக்கத்து வீட்டு அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவள் வீட்டில் தறி. பாவு நூல் முடிந்து புடவையைத் தறியிலிருந்து அறுத்த அன்றைக்கெல்லாம் சினிமாவுக்குப் போய்விடுவாள். "உங்க வீட்டுக்காரரு சினிமால வர்றாருமா!" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "படத்துல இல்லமா. படத்துக்கு முன்னாடி நியூஸ் ரீல் போடறான் இல்ல, அதுல. படகுல போறாரு."

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகத் தியேட்டருக்குப் போனேன். நியூஸ் ரீலில் முதலில் டில்லியில் ஏதோ கூட்டம், அடுத்தது ஓர் அணைக்கட்டு. பிறகு மேளச் சத்தத்தோடு சண்டைக் காட்சி வந்தது. அகலமான ஆறு. கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்த நாணல். ஒரு படகில் சிப்பாய்கள் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். பின்னால் ஒருவர் முதுகைக் காட்டி நின்று கழியால் தள்ளுகிறார். முன்னால் துடுப்புப் போடுகிறவர் ஒரு கணம் இந்தப் பக்கம் திரும்பி, முகத்தைத் தோளில் துடைத்துக்கொள்கிறார். ரசம் காரமாக இருந்தால் என் கணவர் அப்படித்தான் துடைத்துக்கொள்வார். துண்டு மடியிலேயே இருக்கும், முகத்தைத் தோளில்தான் துடைப்பார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அதற்குள் திரையில் ஒரு குண்டு வெடித்தது. கரை முழுக்கப் புகை. புகை கலைந்ததும் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரில் யாரையோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முகத்தையும் சேர்த்துக் கம்பளி மூடியிருந்தது. வெளியே தெரிந்தது இரண்டு வெறுங்கால்கள் மட்டும். நம் வீரர்கள் உயிரைப் பெரிதாக நினைக்காமல் முன்னேறினார்கள் என்று கணீரென்ற குரலில் ஒருவர் சொன்னார். அடுத்த காட்சியில் வெளிநாட்டில் யாரோ பந்து விளையாடினார்கள்.

படகு, குண்டு, ஸ்ட்ரெச்சர். எனக்கு அது ஒரே கதையாகத்தான் தெரிந்தது. படகில் போனார், குண்டு விழுந்தது, தூக்கிக்கொண்டு போகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஸ்ட்ரெச்சரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் கவனிக்கவில்லையா, கவனித்தும் சொல்லவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கணவருக்கு இடது கால் சுண்டுவிரல் வளைந்திருக்கும். சின்ன வயசில் மாட்டு வண்டிச் சக்கரம் ஏறியது. அந்த விரலைப் பார்த்துவிட்டால் போதும் என்று மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கிற அம்மா என்னை நிறுத்தி, "இன்னா பொண்ணே, தினம் வர்ற? அப்படி இன்னா இருக்குது இந்தப் படத்துல?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இனிமே டிக்கெட் எடுக்காத. நியூஸ பாத்துட்டுப் போய்க்கினே இரு" என்றாள். அன்றிலிருந்து கதவோரம் நின்று நியூஸ் ரீல் மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தத் தியேட்டரில் அப்போது ஓடிய படம் என்ன கதை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஃபிலிம் பழசாகி மழை பெய்வதுபோலக் கோடு கோடாக விழுந்தது. ஸ்ட்ரெச்சர் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஒரு நாள் விரல் நேராக இருந்தது போலத் தெரியும். அன்றைக்குச் சாப்பிடுவேன். மறுநாள் வளைந்திருந்தது போலத் தெரியும். மாமியாரிடம் பள்ளிக்கூடத்தில் விழா வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வாரத்தோடு ரீல் மாறிவிட்டது. டிக்கெட் கிழிக்கிற அம்மாவே உள்ளே போய் விசாரித்து வந்து, "அந்தப் பொட்டி ஐயம்பேட்டைப் பக்கம் டென்ட் கொட்டாய்க்குப் போயிருக்குதாம்" என்றாள். ஐயம்பேட்டைக்கு மாமியாருக்குத் தெரியாமல் நான் போக முடியாது. என்ன சொல்லிக் கிளம்புவது என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அவர் புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டிருந்தாள்.

"எம்புள்ளைய ஊரே பாத்துக்கினு இருக்குது. பெத்தவ நான் பாக்க வேணாமா? வா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். சினிமாவே பார்க்காத மனுஷி அவர். திரையில் ஆடுகிறவர்களைப் பார்த்தால் கண்ணுக்கு ஆகாது என்பது அவருடைய கட்சி.

கொட்டாயில் மணலில் உட்கார்ந்தோம். அவருடைய ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். டில்லிக் கூட்டம் போயிற்று, அணைக்கட்டு போயிற்று, ஆறு வந்தது. படகில் அவர் திரும்பியதும் மாமியார் இரண்டு கையையும் தூக்கி, "டேய்! இங்க பாருடா! இங்கதான் இருக்கிறேன்!" என்று கத்தினார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். யார் என்று தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள். குண்டு வெடித்தது. நான் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்ட்ரெச்சர் ஓடியது.

"ஐயோ பாவம். இது யாரு பெத்த புள்ளையோ" என்றார்.

"அத்தை, அது அவரு இல்லையா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவன் காலு எனுக்குத் தெரியாதா? இவனுக்குப் பாதம் எவ்ளோ நீளம் பாத்தியா? இதுக்குத்தான் நீ சோறு தண்ணி இல்லாம கிடந்தியா?"

விரலைப் பார்க்க அத்தனை நாள் அலைந்த எனக்குப் பாதத்தின் நீளத்தைப் பார்க்கத் தோன்றவே இல்லை. நான் அழுதேன். இடைவேளையில் ஊர்க்காரர் ஒருவர் போய் ஆப்பரேட்டரிடம் சொல்ல, அவர் நியூஸ் ரீலை மறுபடி சுற்றிப் போட்டார். யாரும் சத்தம் போடவில்லை. படகு வந்ததும் மாமியார், "அங்கயே நிறுத்துப்பா, கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்" என்று பின்பக்கம் திரும்பிச் சொன்னார். "நிறுத்தினா சூட்டுல ஃபிலிமு கருகிப் போயிடும்மா" என்று ஆப்பரேட்டர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "அப்ப ஓட்டு, ஓட்டு" என்றார் மாமியார் பதறிக்கொண்டு.

கடிதம் அதற்கு அடுத்த வாரம் வந்தது. நலமாக இருக்கிறேன், கவலை வேண்டாம் என்று நான்கு வரி. அவர் வீட்டுக்கு வந்தது பங்குனி உத்திரத்துக்கு முன்னால். இளைத்துக் கறுத்துப் போயிருந்தார். முதல் இரண்டு நாள் தூங்கினார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே நான் நியூஸ் ரீல் கதையை ஆரம்பித்தேன். டிக்கெட் கிழிக்கிற அம்மா, டென்ட் கொட்டாய், அவர் அம்மா கத்தியது எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கையை இலையில் வைத்தபடி கேட்டார்.

"கரையில வெள்ளையா பூ பூத்திருந்துதா?"

"ஆமா."

"பகல்தானே?"

"நல்ல வெயில்."

"அது நான்தான்" என்றார். "ஆனா அது சண்டையில எடுத்தது இல்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் எடுத்தது."

சண்டை ஓய்ந்து சில நாள் கழித்துக் கேமராவோடு ஒருவர் வந்தாராம். மூக்குக் கண்ணாடி போட்ட வங்காளி, நல்ல மனிதர், எல்லாருக்கும் சிகரெட் கொடுத்தாராம். ஆற்றைக் கடப்பதுபோலப் போய் வாருங்கள் என்றாராம். முதல் தடவை போனபோது இவர்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அதிகாரி திட்டினார். இரண்டாம் தடவை கேமரா சிக்கிக்கொண்டது. மூன்றாம் தடவை எடுத்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். முகத்தில் தண்ணீர் தெறித்ததால் தோளில் துடைத்தாராம்.

"அப்ப அந்தக் குண்டு?"

"அது எங்கயோ வெடிச்சது. ஸ்ட்ரெச்சரு எங்கயோ எடுத்தது. எல்லாத்தையும் வெட்டி ஒட்டுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நான் கதவோரம் நின்று விரலைத் தேடிய நேரத்திலெல்லாம் அவர் ஆற்றங்கரையில் சிகரெட் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறார். இதை யாராவது ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். "நீங்க வெளையாடிக்கினு இருந்ததுக்கா நான் செத்துச் செத்துப் பொழைச்சேன்?" என்று கேட்டேன். மாமியார் உள்ளேயிருந்து, "சாப்புடறவனப் போய்க் கேக்கற கேள்வியா இது" என்றார்.

என் கணவர் கோபப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, நிஜமாகக் கடந்த ஆற்றைப் பற்றிச் சொன்னார். அது வேறு ஆறு. இருட்டில் போனார்கள். அந்த ஊர் ஜனங்கள் தங்கள் மீன்பிடிப் படகுகளைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். கிழவர்கள்கூட வந்து எங்கே ஆழம், எங்கே மணல் திட்டு என்று காட்டினார்கள். அவர் முன்னால் துடுப்புப் போட்டார். பின்னால் கழி ஊன்றித் தள்ளியவர் சித்தூர் பக்கத்துக்காரர், இவருடைய கூட்டாளி. பயிற்சிக் காலத்திலிருந்தே இருவரும் ஒன்றாக இருந்தவர்கள். பாதி ஆற்றில் அக்கரையிலிருந்து சுட்டார்கள். படகில் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. கூட்டாளி விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லையாம். படகு ஒரு பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தபோதுதான் பின்னால் தள்ள ஆள் இல்லை என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. படகை நிறுத்த முடியாது. இன்னொருவர் கழியை எடுத்தார். காலையில் கீழ்ப்பக்கம் நாணலில் உடம்பு கிடைத்தது.

இதை அவர் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். சொல்லி முடித்ததும், "லீவு முடியறதுக்குள்ள அவங்க அம்மாவப் பாக்கணும். நீயும் வா. உனுக்குத் தெலுங்கு வரும்" என்றார். நான் பிறந்து வளர்ந்த தெருவில் பாதி வீடு தெலுங்கு பேசுகிற நெசவாளர் வீடு. எனக்குப் பேச வரும்.

ராணிப்பேட்டை வழியாகச் சித்தூருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். சுற்றிலும் மாந்தோப்பு. கூட்டாளியின் அம்மா தன் மகள் வீட்டில் இருந்தார். என் கணவரைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஆனால் அழவில்லை. எங்களுக்குச் சாப்பாடு போட்டார். மாங்காய்ப் பருப்பு, கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் துவையல். மகன் லீவில் வரும்போது என் கணவரைப் பற்றியே பேசுவானாம், காஞ்சிபுரத்துக்காரன் நன்றாகப் பாடுவான் என்பானாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் முன்னால் அவர் பாடியதே கிடையாது.

சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா என் பக்கம் திரும்பித் தெலுங்கில், "நா கொடுகு சினிமாவில் வந்தான், தெரியுமா?" என்றார். என் பிள்ளை என்கிறார். சித்தூர் தியேட்டரில் யாரோ பார்த்துச் சொன்னார்களாம். மகளோடு போய்ப் பார்த்தாராம். "வெள்ளைப் பூ பூத்த ஆறு. படகில் உன் புருஷன் முன்னால். என் பிள்ளை பின்னால் நின்று தள்ளுகிறான்."

அந்த ரீலை என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் யாரும் இருக்க முடியாது. படகின் பின்னால் நின்றவர் முதுகுதான் தெரியும். முகம் தெரியவே தெரியாது. "முதுகைத்தானே காட்டினார்கள், அம்மா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"முதுகு போதாதா?" என்றார். "நான் எண்ணெய் தேய்த்து வளர்த்த முதுகு."

டென்ட் கொட்டாயில் என் மாமியார் பாதத்தைப் பற்றிச் சொன்னதும் இதே குரலில்தான். அன்றைக்கு அந்தக் குரலை நம்பித்தான் எனக்கு உயிர் வந்தது. இப்போது இந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அவர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார். "நல்ல வெளிச்சம். எல்லாரும் கூடவே இருந்தீர்கள். அவன் பயந்த மாதிரியே தெரியவில்லை. அதுதானே அவன் கடைசி நேரம்?"

என் கணவருக்குக் கூட்டாளியிடம் கற்ற தெலுங்கு கொஞ்சம் வரும். என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "அம்மா, ஒரே படகில்தான் இருந்தோம். நான் முன்னால், அவன் பின்னால். அவன் பயப்படவில்லை."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். மகளைக் கூப்பிட்டு எங்களுக்கு மாங்காய் கட்டித் தரச் சொன்னார்.

திரும்பும்போது பஸ் ராணிப்பேட்டையைத் தாண்டியது. பிறகு நான் கேட்டேன். "படத்துல பின்னால நின்னது யாரு?"

"ஒரு மலையாளத்துப் பையன். இப்ப ஊர்ல சௌக்கியமா இருக்கிறான்."

"அவங்க கிட்ட..."

"நான் சொன்னதுல எது பொய்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவரே, "இருட்டுல நடந்தத எவனும் படம் எடுக்கல" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தப் பேச்சை அதற்கு மேல் நாங்கள் எடுக்கவில்லை.

சில வருஷத்தில் அவர் பட்டாளத்தை விட்டு வந்து ஒரு பேங்க்கில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். ஊருக்குள் எந்தச் சண்டைப் படம் வந்தாலும் போய்விடுவார். எனக்குத்தான் பிடிக்காது, அவர் ரசித்துப் பார்ப்பார். கதாநாயகன் தனி ஆளாக ஆற்றில் நீந்திப் போய் எதிரி முகாமை வெடிக்க வைத்தால் கை தட்டுவார். படகை மரத்தில் கட்டுகிற காட்சி வந்தால் மட்டும், "இந்த முடிச்சு நிக்காது, படகு போயிடும்" என்று உரக்கச் சொல்லுவார். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை.

சித்தூர் அம்மா வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக்கு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அவருக்குத் தமிழ் வராது, என் மாமியாருக்குத் தெலுங்கு வராது. ஆனாலும் இருவரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டு இருப்பார்கள். காஞ்சிபுரத்துத் தண்ணீர் உப்பு என்பதில் இருவருக்கும் ஒரே அபிப்பிராயம். படகில் முன்னால் இருந்தவனையும் பின்னால் இருந்தவனையும் பற்றி இருவரும் கையை ஆட்டிப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். என் மாமியாருக்கும் நாங்கள் எதையும் விளக்கிச் சொல்லவில்லை.

ஒரு வைகாசியில் சித்தூர் அம்மா வந்திருந்தபோது ஊரில் ஒரு சண்டைப் படம் ஓடியது. போஸ்டரைப் பார்த்துவிட்டு அவரே போகலாம் என்றார். நான்கு பேரும் போனோம். பனிமலையில் கதாநாயகன் பாட்டுப் பாடினான், விமானம் பறந்தது, எதிரிகள் வரிசை வரிசையாக விழுந்தார்கள். இடைவேளை விட்டதும் அந்த அம்மா என் காதருகே வந்து, "இதில் நம் பிள்ளைகள் யாரும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இது கதை" என்றேன்.

"அப்படியானால் போகலாம். கருட சேவைக்கு விடிகாலையில் எழுந்திருக்க வேண்டும்" என்று எழுந்துவிட்டார். என் மாமியாரும் கூடவே எழுந்தார். என் கணவர் மட்டும் முடிவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்து சோடா குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம்.